முதலில் காதைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பேச்சிலும் படிப்பிலும் தடை உள்ள பிள்ளைகளுக்காகவே உழைத்து அண்மையில் மறைந்த பேராசிரியர் அம்மையாரைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட அஞ்சலிக் கட்டுரையைப் படித்தோம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பேச்சுப் பயிற்சியாளர்களாகவும் சிறப்புப் பயிற்றுநர்களாகவும் வேலை செய்கிற நாங்கள் அவரிடம் பாடம் கேட்டவர்கள். குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் உள்ள தாய்மார்களுக்கு அவர் பேராசிரியர் இல்லை, டீச்சரம்மா. அவருக்குப் படத்துடன் அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு அவர்கள் சார்பிலும் நன்றி.

கட்டுரையில் ஒரு வரியைத் திருத்த வேண்டும். பேசாத பிள்ளைகளையெல்லாம் பேசவைத்த அதிசயக் கை அவருடையது என்று எழுதியிருந்தீர்கள். அன்பினால் எழுதியது என்று தெரியும். ஆனால் அதைப் படித்த பெற்றோர் சிலர், "டீச்சரம்மாவே போயிட்டாங்க, இனிமே யார்கிட்ட காட்டறது?" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கைராசி என்று நம்பினால் அந்தக் கை போனதும் வழி அடைபட்டதாகத்தான் தோன்றும். அம்மையார் செய்ததில் மந்திரம் எதுவும் இல்லை. எதை முதலில் பார்க்க வேண்டும், எதை அடுத்துச் செய்ய வேண்டும் என்ற வரிசை அது. அந்த வரிசையைத் தாயும் வகுப்பாசிரியரும் அங்கன்வாடிப் பணியாளரும் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொண்டு செய்தும் வருகிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் பேசிவிட்டார்கள் என்றும் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சிலருக்குப் பேச்சு வந்தது, சிலருக்குச் சைகையும் படமும் வந்தன. இரண்டையும் அவர் ஒன்றாகவே மதித்தார்.

பேச்சு வரவில்லை என்று எந்தப் பிள்ளை வந்தாலும் அவர் முதலில் காதைப் பார்ப்பார். நம் பக்கத்தில் நடப்பது தலைகீழ். எல்லோரும் நாக்கைத்தான் பார்க்கிறார்கள். வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்க்கிறார்கள், தேன் தடவுகிறார்கள், நாக்குக்கு அடியில் இருக்கிற சவ்வை வெட்டினால் பேச்சு வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அலைகிறார்கள். சவ்வு இறுகியிருந்தால் பால் குடிக்கச் சிரமம் வரலாம். ல, ர போல நாக்கு நுனி மேலெழுந்து பிறக்கும் ஒலிகள் தெளிவில்லாமல் போகலாம். ஆனால் அம்மா, அப்பா, பாப்பா, மாமா எல்லாம் உதட்டில் பிறப்பவை. அவற்றுக்கு நாக்கு நுனி எழும்ப வேண்டிய வேலையே இல்லை. அந்தச் சொற்கள்கூட வராத பிள்ளைக்குச் சவ்வை வெட்டி என்ன பயன்? தேன் விஷயத்தில் அவர் கண்டிப்பாகவே இருந்தார். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஆகாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும்.

காதுச் சோதனைக்கு அவர் எல்லோருக்கும் மனப்பாடம் செய்வித்த கணக்கு ஒன்று, மூன்று, ஆறு. பிறந்து 1 மாதத்துக்குள் முதல் சோதனை, குறை இருக்கிறதா என்பது 3 மாதத்துக்குள் உறுதி, 6 மாதத்துக்குள் காதுக் கருவியும் பயிற்சியும். முதல் சோதனைக்கு ஓ.ஏ.ஈ. என்று பெயர். காதுக்குள் ஒரு சிறு முனையை வைத்து ஒலி அனுப்பினால், நல்ல உள்காது மெல்லிய ஒலியைத் திருப்பி அனுப்பும். கருவி அதைப் பிடிக்கும். குழந்தை தூங்கினால் சில நிமிடத்தில் முடிந்துவிடும். இதில் தேறாத குழந்தைக்கு பெரா. தலையில் சிறு மின்முனைகளை ஒட்டி, ஒலி நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது அது.

தவறு நடக்கும் இடம் இரண்டு சோதனைக்கும் நடுவில். பிறந்த ஓரிரு நாளில் காதுக்குள் பிசுக்கும் நீரும் இருப்பதால் நல்ல காதுள்ள குழந்தையும் முதல் தடவை தேறாமல் போவதுண்டு. "மறுபடி கூட்டிட்டு வாங்க" என்பார்கள். தாய்வீடு, தீட்டு, பெயர் வைப்பது என்று நாள் ஓடிவிடும். பிறகு மூன்று வயதில்தான் அந்தப் பிள்ளை வருகிறது. பிறந்தபோது தேறியதும் என்றைக்குமான உத்தரவாதம் ஆகாது. மூளைக்காய்ச்சல், பொன்னுக்குவீங்கி போன்றவற்றுக்குப் பிறகு கேட்கும் திறன் போகலாம். அந்த நோய்கள் வந்து போனால் மறுபடி சோதிக்க வேண்டும்.

"கை தட்டினா திரும்பறானே டீச்சர்" என்று சொல்லாத பெற்றோர் இல்லை. பிள்ளை உங்கள் நிழலைப் பார்த்துத் திரும்பலாம், தட்டு விழுந்த அதிர்வைத் தரையில் உணர்ந்து திரும்பலாம். பஸ் ஹாரனும் பறையொலியும் கேட்கிற பிள்ளைக்கு மெல்லிய மெய்யொலிகள் கேட்காமல் இருக்கலாம். அவனுக்குக் கட்டு, தட்டு, பட்டு மூன்றும் ஒரே சொல். பேச்சு இருக்கும், ஆனால் குழம்பிக் கிடக்கும். அடிக்கடி சளி பிடிக்கிற பிள்ளைக்கு நடுக்காதில் நீர் தேங்கி, ஒரு வாரம் கேட்கும், அடுத்த வாரம் மந்தமாகும். இந்தப் பிள்ளைக்குத்தான் பள்ளியில் 'கவனம் இல்லாதவன்' என்ற பெயர் சீக்கிரம் கிடைக்கிறது. காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்தால் பெரும்பாலும் சரியாகக்கூடிய விஷயம்.

காதுக் கருவி மாட்டிய பிறகு நடப்பதை அம்மையார் எங்களுக்கு விரல் வைத்துக் காட்டிக் கற்பித்தார். அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். வாங்கிக் கொடுத்த கருவி அலமாரிக்குள் கிடப்பதுதான் எங்கள் பகுதியில் நாங்கள் அதிகம் பார்க்கும் தோல்வி.

கருவி 'கீ' என்று விசிலடித்தால் கருவி கெட்டுவிட்டது என்று கழற்றிவைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் கெட்டிருக்காது. காது அச்சு, அதாவது காதுக்குள் பொருந்தும்படி வார்த்த பகுதி, தளர்ந்து, வெளியே கசியும் ஒலி மைக்குக்குள் திரும்பப் போகிறது. சின்னக் குழந்தையின் காது வேகமாக வளரும். சில மாதத்துக்கு ஒருமுறை அச்சைப் புதிதாக எடுத்தாக வேண்டும். சத்தத்தைக் குறைத்து விசிலை நிறுத்துவது அதைவிட மோசம். விசிலோடு பேச்சும் போய்விடும். அடுத்தது வியர்வை. வேலூர் வெயிலில், சித்திரை வைகாசியில், காதுக்குப் பின்னால் ஓடும் வியர்வை அச்சிலிருந்து கருவிக்குப் போகும் மெல்லிய குழாயில் துளித்துளியாக நிற்கும். ஒரு துளி போதும், ஒலி அடைபட்டுவிடும். குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கண்ணுக்கே தெரியும். அச்சைக் கருவியிலிருந்து கழற்றி, ரப்பர் ஊதுபந்தால் காற்றடித்து நீரை வெளியேற்றிவிட்டு மறுபடி மாட்ட வேண்டும். வாயால் ஊதினால் மூச்சின் ஈரம் உள்ளே போகும். அச்சைத் தனியாகக் கழுவலாம். கருவியில் தண்ணீர் படக் கூடாது. இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடி இறுகிய டப்பாவில் வைக்க வேண்டும். அரிசிக்குள் புதைத்து வைப்பவர்கள் உண்டு; அரிசித் தூசு மைக் துளையை அடைக்கும். பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் உடனே கதவை மூடிவிடக் கூடாது. காற்றை இழுத்து வேலை செய்யும் பேட்டரி அது. ஒரு நிமிடம் வெளியே வைத்திருந்து போட்டால் நன்றாக உழைக்கும். ஸ்டிக்கரை மறுபடி ஒட்டினால் மிச்சமாகும் என்று நினைக்க வேண்டாம். ஒருமுறை உரித்தால் செலவு ஓடத் தொடங்கிவிடும்.

காலையில் பள்ளிக்கு அனுப்பும் முன் ஆறு ஒலி: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். பேச்சில் வருகிற தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை இந்த ஆறில் அடங்கும். பிள்ளைக்குப் பக்கவாட்டில் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து, வாயசைவு தெரியாதபடி, வழக்கமான குரலில், வரிசை மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னால் ஒலியே மாறிவிடும். அதனால்தான் பக்கவாட்டில் உட்காரச் சொல்வார். ஒலி கேட்டதும் பிள்ளை ஒரு புளியங்கொட்டையை டப்பாவில் போட வேண்டும். மூன்று வயதுக்குள் என்றால் புளியங்கொட்டை வேண்டாம், வாயில் போட்டுக்கொள்ளும். பெரிய மரக்கட்டை கொடுக்கலாம். ஒலிகளுக்கு நடுவே இடைவெளியும் ஒரே அளவாக இருக்கக் கூடாது. தாளம் பிடித்துக்கொண்டு கேட்காமலே போடத் தெரிந்த கெட்டிக்காரப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நேற்றுவரை கேட்ட ஸ் இன்று கேட்கவில்லை என்றால் பேட்டரி, குழாய், சளி என்ற வரிசையில் பார்க்க வேண்டும்.

கருவியால் பயன் இல்லாத அளவுக்குக் குறை இருந்தால், 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது உள்காதில் மின்கருவி பொருத்தும் அறுவை செய்யப்படுகிறது. அறுவை முடிந்த அன்றே பிள்ளைக்குக் கேட்காது. சில வாரம் கழித்துத்தான் கருவியை இயக்குவார்கள். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை கேட்கும் வயதில் பச்சைக்குழந்தை. நாலு வயதுப் பிள்ளையிடம் நாலு வயதுப் பேச்சை எதிர்பார்த்து, ஏமாந்து, பயிற்சியை நிறுத்திவிடும் குடும்பங்கள் உண்டு. அறுவைக்குக் கையெழுத்துப் போடும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும் என்பார்.

காது நன்றாக இருந்தும் பேச்சு பின்தங்கினால் வயதைப் பார்க்க வேண்டும். 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, 24 மாதத்தில் 'அம்மா வா', 'பால் வேணும்' என்று தானாக இரண்டு சொல் சேர்க்கவில்லை, வந்த பேச்சு எந்த வயதிலாவது நின்றுபோனது: இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. சொல்லைவிடவும் விரலைக் கவனிக்கச் சொல்வார். தனக்கு வேண்டியதையும், "அதோ பாரு" என்று பிறருக்குக் காட்ட விரும்புவதையும் ஒன்றரை வயதுப் பிள்ளை சுட்டிக் காட்டும். சுட்டிக் காட்டாமல் நம் கையைப் பிடித்து இழுத்துப் பொருளின் மேல் வைக்கிற பிள்ளையைச் சீக்கிரம் மருத்துவரிடம் காட்ட வேண்டும். "அவங்க அப்பாவே மூணு வயசுலதான் பேசினாரு" என்பது காத்திருக்கக் காரணம் ஆகாது.

வீட்டில் செய்யச் சொன்னது மிகவும் எளியது, கடைப்பிடிக்கத்தான் கடினம். "இது என்ன? சொல்லு. சொல்லு பாப்போம்" என்று கேட்பதை நிறுத்த வேண்டும். அது தேர்வு, பேசத் தெரியாத பிள்ளைக்கு ஓயாமல் தேர்வு வைத்தால் வாயை மூடிக்கொள்ளும். பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றி நாம் சொல்ல வேண்டும், பிள்ளையின் பேச்சைவிட ஒரு சொல் மட்டும் கூட்டி. 'பால்' என்றால் 'பால் வேணும்'. 'பால் வேணும்' என்றால் 'பாப்பாவுக்குப் பால் வேணும்'. அப்புறம் ஐந்து எண்ணும்வரை சும்மா இருக்க வேண்டும். பெரியவர்களால் இரண்டுக்கு மேல் தாங்க முடிவதில்லை, மூன்றாவது நொடியில் தாங்களே பதிலையும் சொல்லிவிடுகிறார்கள். பிள்ளைக்கு வாய் திறக்க அந்த ஐந்தும் தேவை. பிஸ்கட்டைக் கண்ணாடி டப்பாவில் போட்டுப் பிள்ளையால் திறக்க முடியாதபடி மூடிக் கையில் கொடுப்பது அவர் வழக்கம். கேட்க ஒரு காரணம் வேண்டும் அல்லவா? ஆனால் அழவிட்டுப் பிடிவாதம் செய்யக் கூடாது. கை நீட்டினாலும் ஒரு ஒலி வந்தாலும் உடனே திறந்து கொடுத்துவிட வேண்டும்.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வீட்டிலேயே ஷூ மேல்பாகம் தைக்கிற தாய்மார்களுக்கும் குடியாத்தம் பக்கம் பீடி சுற்றுகிற தாய்மார்களுக்கும் தனியாக நேரம் ஒதுக்கு என்று அவர் சொன்னதே இல்லை. கைக்குத்தான் வேலை, வாய்க்கு இல்லை. குனிந்த தலையை ஒவ்வொரு ஜோடிக்கும் ஒருமுறை நிமிர்த்தி, பிள்ளையின் முகத்தைப் பார்த்து, செய்கிற வேலையைச் சொல்லச் சொல்வார்: "நூல் வருது. இழு. இன்னும் இழு. அறுந்துபோச்சு." பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்தால் வாய் தெரியாது, எதிரே உட்காரவைக்க வேண்டும், ஊசியும் கத்தரியும் புகையிலைத் தூளும் எட்டாத தூரத்தில்.

படம் காட்டிப் பேசப் பழக்கினால் பிள்ளை பேசாமலே இருந்துவிடும் என்ற பயம் பலருக்கு. அப்படி ஆவதில்லை. சொல்ல வழி கிடைத்த பிள்ளைக்கு அழுகையும் கடியும் குறையும், பேச்சு வரக்கூடிய பிள்ளைக்குப் பேச்சும் வரும்.

தெளிவில்லாத பேச்சுக்கு ஓர் எடுத்துக்காட்டு மட்டும். 'காக்கா'வை 'தாத்தா' என்று சொல்கிற பிள்ளை. க வர வேண்டிய இடத்தில் த வருகிறது. மூன்று வயதில் இது சாதாரணம், நாலைத் தாண்டினால் பயிற்சி வேண்டும். உடனே சொல்லவைக்கக் கூடாது, முதலில் கேட்கவைக்க வேண்டும். காய்–தாய், கடை–தடை, கட்டு–தட்டு என்று இரண்டிரண்டு படம் வைத்து நாம் சொல்வதைத் தொடச் சொல்ல வேண்டும். காதில் வேறுபாடு பிடிபட்ட பிறகு வாய். நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் சுத்தமான ஸ்பூன் காம்பால் மெல்ல அமுக்கிக்கொண்டு 'தா' சொல்லச் சொன்னால், நுனி எழும்ப முடியாமல் பின்நாக்கு எழும்பி 'கா' வரும். பின்னால் பிறக்கும் உயிரோடு எளிதாக வருவதால் கா, கோ, கூ முதலில். கீ, கே பிறகு. அடுத்து சொல்.

இங்கேதான் ஆங்கிலப் புத்தகத்தை அப்படியே பின்பற்றுகிறவர்கள் தடுமாறுகிறார்கள். தமிழில் க எழுத்து எல்லா இடத்திலும் ஒரே ஒலி தருவதில்லை. சொல் முதலிலும் (கை, காது), இரட்டிக்கும் இடத்திலும் (அக்கா, மூக்கு, பாக்கு), ட், ற் என்ற மெய்களுக்குப் பின்னும் (வெட்கம், கற்க) மட்டும்தான் வல்லொலி. 'தங்கம்' என்பதில் மெலிந்துவிடும், 'பகல்' என்பதில் மூச்சொலி மாதிரி ஆகிவிடும். ஆகவே 'பகல்', 'அகல்' போன்ற சொற்களைப் பயிற்சிக்கு எடுக்கவே கூடாது. இரட்டித்த க்க தான் நல்ல இடம். நாக்கு அங்கே சற்று நின்று அழுத்துவதால் பிள்ளைக்கே தொடுகை தெரியும். பத்துக்கு எட்டு சரியாக வந்து, அது மறுநாளும் நிலைத்தால்தான் அடுத்த படி. ஒரு நல்ல நாளை நம்பி வாக்கியத்துக்குத் தாவுவது எங்களில் புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. ஒரு நாளில் அரை மணி நேரம் உட்காரவைப்பதைவிட ஐந்து ஐந்து நிமிடமாக நாலு வேளை மேல்.

திக்குகிற பிள்ளையிடம் "மெதுவா பேசு", "மூச்சு இழுத்துட்டுப் பேசு" என்று சொல்லக் கூடாது. நாம் மெதுவாகப் பேச வேண்டும். இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் தொடங்கும் திக்கல் பலருக்குத் தானாகவே போய்விடும். முகம் இறுகினாலும், பிள்ளை பேசத் தயங்கினாலும், ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலும் காட்ட வேண்டும்.

இனிப் படிப்பு. அம்மையாரின் உழைப்பு அதிகம் பதிந்த இடம் இதுதான், தங்கள் கட்டுரை தொடாத இடமும் இதுதான்.

படிக்க வராத பிள்ளை என்றதும் டிஸ்லெக்ஸியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் குறைபாடு) என்று முத்திரை குத்த அவர் விடமாட்டார். மறுபடி காது, பிறகு கண், பிறகு பள்ளிக்கு ஒழுங்காக வந்தானா, பிறகு வீட்டில் என்ன மொழி. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரத்தில் உருது. காட்பாடி தாண்டிச் சித்தூர் எல்லையில் தெலுங்கு. வீட்டு மொழியில் நன்றாகக் கதை சொல்லும் பிள்ளைக்குத் தமிழ்ப் பாடம் புதிது, அவ்வளவுதான். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதிக்காது. வீட்டில் உருது பேசுவதை நிறுத்துங்கள் என்று பெற்றோருக்குச் சொல்வது கொடுமை. தாய் தனக்குச் சரளமான மொழியில்தான் பிள்ளையோடு நிறையப் பேச முடியும்.

தமிழே பேசும் வீட்டிலும் பேச்சுத் தமிழ் வேறு, பாடப் புத்தகம் வேறு. நம் வட்டாரத்தில் பழத்தைப் 'பயம்' என்றும் கோழியைக் 'கோயி' என்றும் சொல்லும் வீடுகள் நிறைய. அந்த வீட்டுப் பிள்ளை சொல்வதெழுதலில் 'பயம்' என்று எழுதினால் அது காதுக்கு உண்மையாக எழுதியது. எப்போது கேட்டாலும் 'பயம்' என்றே எழுதும், திருத்துவது எளிது. ஒரே பக்கத்தில் பழத்தைப் 'பமழ்' என்றும் 'பழ' என்றும் 'ழபம்' என்றும் மூன்று விதமாக எழுதுகிற பிள்ளைதான் நமக்கு வேலை. ஒலிகளின் வரிசை அங்கே நிற்கவில்லை. 'வந்தார்கள்' என்று அச்சிட்டிருப்பதை 'வந்தாங்க' என்று வாசிக்கும் பிள்ளையையும் தவறு போட வேண்டாம் என்பார். பொருள் பிடித்துத்தான் வாசிக்கிறான்.

247 எழுத்தையும் அகர வரிசையில் ஒப்பிக்கும் பிள்ளை 'பாடம்' என்ற சொல்லை வாசிக்க முடியாமல் நிற்பதை எந்தப் பள்ளியிலும் பார்க்கலாம். ஒப்பித்தல் வாய்ப்பாடு, வாசிப்பு வேறு. அவர் வரிசை ட, ப, ம என்று எளிய வடிவ எழுத்துகளில் தொடங்கும். புள்ளி சேர்த்ததும் படம், மடம், பட்டம். அடுத்து துணைக்கால்: பாடம், மாடம், மாமா, பாப்பா. பிறகு க, ல: கல், பல், கால், பால், கடல். ஆறேழு குறிகளில் ஒரு பிள்ளை இத்தனை சொல்லை வாசித்துவிடுகிறது. ஒன்றுபோல் இருக்கும் ன–ண, ல–ள, ர–ற இரண்டையும் ஒரே வாரத்தில் கற்பிக்கக் கூடாது. ஒன்று ஊறி நின்ற பிறகே மற்றது.

உகரக் குறிகள் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒவ்வொரு விதம்: கு, சு, து, மு. இவற்றுக்கு விதி சொல்லிப் பயனில்லை. முழு எழுத்தாகவே பழக்க வேண்டும். அதைவிடச் சிக்கல் கெ, கே, கை. எழுதுவது முன்னால், ஒலிப்பது பின்னால். கொ, கோ இன்னும் மோசம், குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. தடுமாறும் பிள்ளை 'கொடி'யைக் 'கெ… ஆ… டி' என்று வாசிக்கும். தனித்தனி அட்டைகளாக ெ, க, ா மூன்றையும் வரிசையாக அடுக்கிக் காட்டினால் இந்தப் பிழையை நாமே கற்பிக்கிறோம். இதற்கு அம்மையார் செய்தது ஒரே நீள அட்டை: 30 சென்டிமீட்டர் நீளம், 10 உயரம், நடுவில் 8 சென்டிமீட்டர் ஜன்னல். இடப்பக்கம் கொம்பு, வலப்பக்கம் கால், இரண்டும் ஒரே சிவப்பில். எழுத்து அட்டையை ஜன்னலுக்குப் பின்னால் நுழைத்தால் கொ, இழுத்துவிட்டு ப போட்டால் பொ, த போட்டால் தொ. இரண்டு பக்கமும் நிற்பது ஒரே ஒலியின் குறி என்பது விளக்கமில்லாமலே பிள்ளைக்குப் பிடிபடும். ஓகார அட்டை நீல நிறத்தில், வேறொரு வாரத்தில். எழுத்து அட்டை ஜன்னலைவிட இரண்டு சென்டிமீட்டராவது அகலமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கி விழும். லேமினேஷன் செய்யாதீர்கள், டியூப்லைட் வெளிச்சம் பட்டுப் பளபளத்து எழுத்து மறைகிறது, பிள்ளை தலையைச் சாய்க்கிறது. சாதா சார்ட் அட்டை போதும், கிழிந்தால் புதிது செய்துகொள்ளலாம். கௌ வரிசையைக் கடைசிக்குத் தள்ளிவிடுவார்: வலப்பக்கக் குறி ள போலவே இருப்பதால் 'கெள' என்று வாசிப்பார்கள், அந்தச் சொற்களும் குறைவு.

எழுத்து பழக்கும் மணல் தட்டுக்கும் இதே கவனம் வேண்டும். விரலால் எழுதிக்கொண்டே ஒலியைச் சொல்லும் முறை அமெரிக்காவில் கிரேஸ் பெர்னால்டு போன்றவர்கள் நூறாண்டுக்கு முன்பே வகுத்தது. அதைத் தமிழ் எழுத்துக்கு ஏற்றபடி செய்வதில்தான் நுணுக்கம். தட்டின் அடிப்பகுதியில் கறுப்பு பெயின்ட் அடித்து, சலித்த மணலை அரை சென்டிமீட்டர் கனத்துக்கு மட்டும் பரப்ப வேண்டும். விரல் போன தடத்தில் கறுப்பு பளிச்சென்று தெரியும். மணல் கூடினால் ஓரம் சரிந்து, ழ, இ போன்ற வளைவெழுத்தெல்லாம் மூடிக்கொள்ளும். ஈர மணல் விரலில் ஒட்டும். வெயிலில் காயவைத்து எடுக்க வேண்டும். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து, உள்ளங்கை அளவு எழுத்து, எழுதும் நேரம் முழுவதும் ஒலி. எழுதி முடித்துவிட்டு ஒலியைச் சொன்னால் இரண்டும் ஒட்டாது. எழுத்தின் பெயரைச் சொல்லக் கூடாது, 'மகரம்' என்றோ 'மானா' என்றோ சொன்னால் சொல்லைச் சேர்க்கும்போது அதுவும் வந்து நிற்கும்.

வாசிக்கக் கொடுக்கும் பக்கத்தில் பத்துச் சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் தடுக்கினால் அந்தப் பக்கம் அந்தப் பிள்ளைக்கு இன்றைக்கு வேண்டாம். வாசித்த சொற்களை மட்டுமே சொல்வதெழுதலுக்குக் கொடுக்க வேண்டும். தவறாக எழுதியதைப் பத்து முறை எழுதச் சொன்னால், கண்காணிக்க ஆள் இல்லாத பிள்ளை தவறையே ஒன்பது முறை எழுதிக் கொண்டுவரும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சேர்த்திருக்கிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் பேச்சு மொழிக் குறைபாடும் அவற்றில் உண்டு. கற்றல் குறைபாட்டுக்குச் சான்றிதழை 8 வயதுக்கு மேல்தான் தருவார்கள். அதுவரை காத்திருங்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. உதவி முதல் வகுப்பிலேயே தொடங்கலாம், காகிதம் பிறகு வரட்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இந்தப் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் இருக்கின்றன. தேர்வு நெருங்கும்போது ஓடி வந்தால் கிடைக்காது. ஒன்பதாம் வகுப்பு முடியும்போதே பள்ளி வழியாக ஏற்பாடு செய்ய வேண்டும். மொழிப்பாட விலக்கை அவசரப்பட்டு வாங்காதீர்கள் என்றும் அம்மையார் சொல்வார். நேரமும் எழுத்தரும் கொடுத்தாலே தமிழில் தேறக்கூடிய பிள்ளைக்கு விலக்கு தேவையில்லை.

அவர் பெயரில் மண்டபம் கட்ட வேண்டும் என்று சிலர் பேசுவதாகவும் எழுதியிருந்தீர்கள். எங்கள் கருத்து வேறு. பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்கள் தொகுப்பூதியத்தில், ஒருவரே பல பள்ளிகளைச் சுற்றிக்கொண்டு வேலை செய்கிறார்கள். ஜவ்வாது மலையில் புதூர்நாட்டிலிருந்து ஒரு தாய் பேச்சுப் பயிற்சிக்கு இறங்கி வந்து திரும்ப ஒரு நாள் கூலி போய்விடும். மண்டபம் கட்டும் பணத்தில் மலைக்கு மாதம் இருமுறை போய்வர வண்டி வாடகையும், மையத்துக்கு ஒரு செட் ஜன்னல் அட்டையும், காது அச்சு எடுக்கும் சாமானும் வாங்கலாம். அட்டை செய்யும் அளவுகளை மேலே கொடுத்திருக்கிறோம். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

தாங்கள் செய்யக்கூடியது இரண்டு. அந்த வரியைத் திருத்தி ஒரு குறிப்பு வெளியிடுங்கள். 1 மாதம், 3 மாதம், 6 மாதம் என்ற காதுச் சோதனைக் கணக்கைத் தனிப் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்திலும் கேட்கலாம் என்றும் சேர்த்து எழுதுங்கள். முடிந்தால் ஞாயிறு இதழில். அன்றைய தாளைத்தான் டீக்கடையில் நாள் முழுக்க வைத்துப் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
பேராசிரியர் அம்மையாரின் மாணவர்களான
பேச்சுப் பயிற்சியாளர்கள், சிறப்புப் பயிற்றுநர்கள்,
வேலூர்.